மழைக்கால மும்பையில கால், நகம்: எந்த மூலிகை எதுக்கு?

தம்பி, உங்க கேள்வியை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், வேற யாராச்சும் படிச்சாலும் புரியணும்ல. டோம்பிவிலில வீடு, தினமும் லோக்கல் ஏறி காட்கோபர்ல மெட்ரோ மாறி அந்தேரி ஆபீஸ். மழை ஆரம்பிச்சதுல இருந்து விரலிடுக்கு வெள்ளையா ஊறிப்போய் அரிக்குது, வலது கட்டைவிரல் நகம் மஞ்சளாகி தடிச்சுப் போச்சு, வீட்ல அம்மாவுக்கு குதிகால் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு, அவங்களுக்கு சுகரும் இருக்கு. மூணுக்கும் சேர்த்து ஊர்ல செய்யற மாதிரி ஒரு மூலிகை எண்ணெய் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க.

மூணுக்கும் ஒரே எண்ணெய்ங்கறதே தப்பு. குதிகால் வெடிப்பு வறட்சியில வர்றது, அதுக்கு எண்ணெய்ப்பசை வேணும். விரலிடுக்குல இருக்கறது சேத்துப்புண், ஈரத்துல வளர்ற பூஞ்சை, அங்க எண்ணெய் தடவினா ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்கும், இன்னும் ஊறும். நகத்துல இருக்கறதும் அநேகமா அதே பூஞ்சைதான், ஆனா நீங்க எதை அரைச்சு அப்பினாலும் அந்த தடிச்ச நகத்தைத் தாண்டி அடியில போகாது. எங்களுக்கு தாராவி 90 ஃபீட் ரோட்டுப் பக்கம் நாட்டு மருந்துக் கடை, நான் டி.பார்ம் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்லயும் வேலை பாத்தவன், ரெண்டு பக்கமும் பாத்ததை வச்சு சொல்றேன், ஜனங்க ஒரு பாட்டில் வேப்பெண்ணெய் வாங்கிட்டுப் போய் தலையில இருந்து கால் வரைக்கும் தடவிட்டு "மூலிகை கேக்கல"ன்னு வந்து நிப்பாங்க. மூலிகை மேல குத்தம் இல்ல, வச்ச இடம் தப்பு.

முதல்ல விரலிடுக்கு. நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுலதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், ஏன்னா அங்கதான் ரெண்டு விரலும் ஒட்டிக்கிட்டு காத்தே போகாது. தோலு வெள்ளையா ஊறி, உரிச்சா உரிஞ்சு வரும், அடியில செவப்பா இருக்கும், ஒரு மாதிரி வாடை அடிக்கும். நம்ம ஊர்ல நாத்து நடற பொம்பளைங்களுக்கு வந்தது இங்க ஷூ போட்டுக்கிட்டு மெட்ரோல நிக்கறவங்களுக்கு வருது, காரணம் ஒண்ணுதான், மணிக்கணக்கா ஈரம். அந்த நாத்து நடற ஆளுங்க ராத்திரி என்ன பண்ணாங்கன்னு யோசிங்க, கால் கழுவி, துடைச்சு, மருதாணி அரைச்சு விரலிடுக்குல வச்சுக்கிட்டு படுத்தாங்க. மருதாணியில இருக்கற லாசோன்ங்கற பொருள் தோல்ல, நகத்துல இருக்கற கெரட்டின்ல போய் ஒட்டிக்கும், அதனாலதான் செவக்குது, அதுக்கு பூஞ்சையை அடக்கற குணமும் லேப்ல பாத்தவரைக்கும் இருக்கு, எல்லாத்துக்கும் மேல அது காயும்போது ஈரத்தை இழுத்துக்கும். பச்சை இலை கிடைக்கலன்னா பொடி போதும், மும்பைல விக்கற மெஹந்திப் பொடி நிறைய ராஜஸ்தான் சோஜத்ல இருந்து வர்றது, நல்லாவே இருக்கும், ஆனா பாக்கெட்ல வேற எதுவும் கலக்காத வெறும் இலைப்பொடியான்னு பாத்து வாங்குங்க. "பிளாக் மெஹந்தி"ன்னு விக்கற கருப்புக் கோன் பக்கம் போகவே கூடாது, அதுல பிபிடிங்கற ஹேர் டை கெமிக்கல் இருக்கும், ஏற்கனவே புண்ணான தோல்ல பட்டா கொப்புளம் கொப்புளமா வந்துடும். கைக்குழந்தைங்களுக்கு மருதாணி வேண்டாம், ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு இருக்கற பிள்ளைங்களுக்கு ரத்த அணுவே உடையும்.

மருதாணியை விட எனக்கு பிடிச்சது துவர்ப்பு கழுவல். கடுக்காய்த்தோல் ஒரு கைப்பிடி, வேப்பிலை ரெண்டு கொத்து, ரெண்டு லிட்டர் தண்ணியில போட்டு பாதியா சுண்டற வரைக்கும் கொதிக்க விட்டு, ஆறினதும் வடிகட்டி, அதுல கால் விரல் முங்கற மாதிரி பத்து நிமிஷம் வைங்க. டோம்பிவிலில கடுக்காய் கேட்டா முழிப்பாங்க, மராத்தில ஹிர்டான்னு கேளுங்க, வேப்பிலை கடுநிம்ப். கடுக்காய்ல டானின் ஜாஸ்தி, அது ஊறிப்போன தோலை சுருக்கி இறுக்கும். தாராவிக்கு நம்ம திருநெல்வேலி ஆளுங்க தோல் பதனிடற வேலைக்குத்தான் நிறைய பேர் வந்தாங்க, அவங்ககிட்ட கேட்டா சொல்வாங்க, கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டு மாட்டுத்தோலை அழுகாம இறுக வைக்கறது எந்தக் குணத்தாலயோ அதே குணம்தான் உங்க விரலிடுக்குலயும் வேலை செய்யுது, அளவுதான் கம்மி. கடுக்காய் கிடைக்கலயா, படிகாரம் ஒரு சின்னத் துண்டு ஒரு மக் தண்ணியில கரைச்சாலும் போதும், சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் தேய்க்கற அதே கல்லுதான்.

இதுக்கு அப்புறம் செய்யறதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் செய்யறதில்ல. தொடைச்சா போதாது. காட்டன் துணியோட ஓரத்தை ஒவ்வொரு விரலிடுக்குலயும் விட்டு ஒத்தி எடுத்து, அஞ்சு நிமிஷம் ஃபேனுக்கு நேரா காலை நீட்டி விரலை விரிச்சு உக்காருங்க. இடுக்கு ரொம்ப ஒட்டிக்கிச்சுன்னா சின்ன பஞ்சுத் துண்டு வச்சு பிரிச்சு விடுங்க. கஸ்தூரி மஞ்சளை வெறும் தூளா கொஞ்சம் போடலாம், ஆனா குழைச்சு அப்பறது வேண்டாம், மறுபடி ஈரம். துடைச்ச துணியை வேற எங்கயும் யூஸ் பண்ணாதீங்க, குறிப்பா தொடையிடுக்குல, படர்தாமரை அங்க போறதே இப்படித்தான். ஜட்டி போடறதுக்கு முன்னாடி சாக்ஸ் போட்டுடுங்கன்னு ஸ்கின் டாக்டருங்க சொல்வாங்க, கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா காரணம் இதுதான்.

ஷூ பத்தி: ஜூலைல மும்பைல எதுவும் காயாது, ரெண்டு ஜோடி வச்சு மாத்தி மாத்தி போடுங்க, கழட்டினதும் உள்ள பேப்பரைச் சுருட்டி திணிங்க, ராத்திரி ஒருதடவை அந்தப் பேப்பரை மாத்துங்க. சாக்ஸ் மூணு நாள் கயித்துல தொங்கினாலும் ஜில்லுன்னுதான் இருக்கும், அயர்ன் போட்டு காய வைங்க, சூட்டுல பூஞ்சையோட விதையும் கொஞ்சம் சாகும். ரயில்ல ரப்பர் செருப்போட போய் ஆபீஸ் போனதும் ஷூ மாத்திக்கறவங்களைப் பாத்திருப்பீங்க, அதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

ரெண்டு வாரம் இப்படி செஞ்சும் அடங்கலன்னா மெடிக்கல்ல க்ளோட்ரிமசோல் இல்லைன்னா டெர்பினாஃபின் 1 சதவீத க்ரீம், வெறும் அது மட்டும், வாங்கிப் போடுங்க, அரிப்பு நின்னதும் நிறுத்திடாம டியூப்ல சொன்ன நாள் வரைக்கும் போடணும். இங்கதான் பெரிய வில்லங்கம் இருக்கு. கடைக்காரர்கிட்ட "அரிப்புக்கு ஏதாச்சும் குடு பாய்"ன்னு கேட்டா மூணு நாலு மருந்து கலந்த க்ரீம் ஒண்ணை எடுத்து நீட்டுவாங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கும், போட்ட மறுநாளே அரிப்பு நிக்கும், ஆஹா ஓஹோன்னு இருக்கும், உள்ள பூஞ்சை நிம்மதியா பரவிக்கிட்டே இருக்கும். 2018ல ஸ்டீராய்டு பூச்சு மருந்துங்க 14ஐ ஷெட்யூல் ஹெச்சுல சேத்து சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கவர்மென்ட்டே சொன்னாங்க, ஆனாலும் கவுன்டர்ல தாராளமா கிடைக்குது. டியூப் பின்னாடி க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன்னு எதையாச்சும் பாத்தா திருப்பிக் குடுத்துடுங்க.

மழைல டாக்ளான்னு ஒரு கீரை மார்க்கெட்டுக்கு வரும், மராத்திக்காரங்க விரும்பி சமைப்பாங்க, நம்ம தகரைதான் அது, தோல் வியாதிக்கு சித்தாவுல பேர் போனது. பக்கத்துவீட்டு மராத்தி ஆன்ட்டி அரைச்சுத் தடவச் சொன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா புண் வாய் திறந்திருந்தா எந்தப் பச்சை இலையையும் அரைச்சு வைக்காதீங்க, மார்க்கெட்ல அது எந்தத் தண்ணியில அலசினதோ தெரியாது.

தண்ணின்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும், இது மூலிகை விஷயம் இல்ல. அந்தேரி சப்வே ரொம்பினா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்ல முழங்கால் தண்ணி நின்னா, இறங்கி நடக்க வேண்டி வரும். கால்ல வெடிப்போ சேத்துப்புண்ணோ இருக்கறவங்களுக்கு அந்தத் தண்ணி மூலமா எலிக்காய்ச்சல் வரலாம், எலியோட மூத்திரத்துல இருக்கற கிருமி விரிசல் வழியா உள்ள போயிடும். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் பெஞ்சுதே, அதுக்கு அடுத்த வாரங்கள்ல எலிக்காய்ச்சல்னு ஆஸ்பத்திரில கூட்டம் கூடுச்சு. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்க, மஞ்சத் தண்ணியில நனைச்சா போதும்னு இருக்காதீங்க, 72 மணி நேரத்துக்குள்ள டாக்டரைப் பாத்து டாக்சிசைக்ளின் வேணுமான்னு கேளுங்க, மழை பலமா இருக்கற நாள்ல பிஎம்சியே (மும்பை மாநகராட்சி) இதை சொல்லும். கர்ப்பிணிங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் அந்த மாத்திரை ஆகாது, அதனால நீங்களா வாங்கிப் போடற வேலை வேண்டாம். அப்புறம் ஒரு ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் செவப்புன்னு வந்தா நிலவேம்புக் கஷாயம் குடிச்சுக்கிட்டு காத்திருக்காதீங்க.

அம்மாவோட குதிகாலுக்கு வருவோம். சுகர் எத்தனை வருஷமா இருக்குன்னு நீங்க எழுதல, ஆனா எத்தனையா இருந்தாலும் முதல் வேலை அவங்களுக்கு கால்ல உணர்ச்சி இருக்கான்னு பாக்கறது. நைலான் இழை மாதிரி ஒண்ணை பாதத்துல அங்கங்க குத்திப் பாப்பாங்க, சுகர் டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷ வேலை. அது முடியற வரைக்கும் வெந்நீர்ல கால் ஊற வைக்கறது, வெடிப்பை பிளேடால சீவறது, ரெண்டும் கூடவே கூடாது. உணர்ச்சி கம்மியானவங்களுக்கு தண்ணி சுடறதே தெரியாது, வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க. தண்ணியைத் தொட்டுப் பாக்கறது உங்க முழங்கையா இருக்கட்டும், அம்மாவோட காலா இருக்க வேண்டாம்.

உணர்ச்சி நல்லா இருக்கு, வெடிப்புல ரத்தமோ சீழோ இல்லைன்னா வீட்டு வைத்தியம் தாராளமா பண்ணலாம், பித்தவெடிப்புக்கு மூலிகை நிஜமாவே நல்லா கேக்கும், சந்தேகமே இல்ல. பித்தவெடிப்புன்னு பேர் இருக்கறதால உடம்புல பித்தம் ஏறிடுச்சுன்னு கஷாயம் குடிப்பாங்க பாருங்க, அது வேண்டாம். குதிகால்ல எண்ணெய் சுரப்பியே கிடையாது, அங்க தோல் தடிப்பா இருக்கும், உடம்பு எடை, பின்பக்கம் திறந்த செருப்பு, நாள்பூரா டைல்ஸ் தரையில வெறுங்காலு, எல்லாம் சேர்ந்து தோலைப் பக்கவாட்டுல இழுக்கும், காஞ்ச தோல் இழுவை தாங்காம பிளக்கும். டிசம்பர், ஜனவரில கொஞ்சம் குளிர் காத்து வீசும்போது இன்னும் மோசமாகும்.

கொங்கண்ல இதுக்கு கோகம் எண்ணெய்னு ஒண்ணு வச்சிருக்காங்க, பேருதான் எண்ணெய், பாக்க முட்டை சைஸ்ல வெளிறின மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும். கோகம் பழத்தோட விதையில இருந்து எடுக்கறது, உடம்புச் சூட்டைவிட கொஞ்சம் கூடுதல் சூட்டுலதான் உருகும், அதனால மும்பை வெயில்லயும் கட்டியாவே நிக்கும். தாதர் பக்கம் கொங்கண் சாமான் விக்கற கடையில கேட்டா குடுப்பாங்க. ராத்திரி அம்மா கால் கழுவினதும், நுரைக்கல்லால லேசா ஒரே திசையில தேய்ச்சு (ரத்தம் வர்ற வரைக்கும் தேய்க்கறது நம்ம அம்மாங்களோட பழக்கம், தடுங்க), முக்கா பாகம் துடைச்சு லேசான ஈரம் இருக்கும்போதே இதை ஒரு ஸ்பூன்ல சூடு காட்டி உருக்கி, உங்க மணிக்கட்டுல வச்சு சூட்டைப் பாத்துட்டு, வெடிப்புக்குள்ள நெரடி விடுங்க. அது உள்ள போய் மறுபடி இறுகி நிக்கும், விளக்கெண்ணெய் மாதிரி வழிஞ்சு போகாது. மேல காட்டன் சாக்ஸ். காலைல கழட்டிட்டு நடக்கச் சொல்லுங்க, எண்ணெய்க் காலோட டைல்ஸ்ல நடந்தா வழுக்கி விழுவாங்க, வயசானவங்களுக்கு வெடிப்பை விட அதுதான் ஆபத்து.

கோகம் கிடைக்கலன்னா நம்ம குங்கிலிய வெண்ணெய் இருக்கு, சித்த மருந்து விக்கற கடையில டப்பாவா கிடைக்கும். குங்கிலியத்தைப் பொடிச்சு நல்லெண்ணெய்ல உருக்கி, குளிர்ந்த தண்ணியில ஊத்தி, கையால அலசி அலசி தண்ணியை மாத்திக்கிட்டே இருக்கணும். முதல்ல பழுப்பா கோந்து மாதிரி பிசுபிசுன்னு இருக்கறது போகப் போக வெளுத்து, வெண்ணெய் மாதிரி நுரைச்சு மிதக்க ஆரம்பிக்கும், அலசல் கூடக் கூட மிருதுவாகும். வீட்ல செஞ்சா கை வலிக்கும், ரெடிமேட் வாங்கிடுங்க. இது எதுக்கும் நேரமில்லைன்னா நல்லெண்ணெய் 100 மில்லி, தேன்மெழுகு 20 கிராம், பாத்திரத்தை வெந்நீர் மேல வச்சு உருக்கி டப்பால ஊத்தி வச்சுக்கோங்க, பல மாசம் கெடாது. தோல் ரொம்ப தடிச்சுப்போய் கட்டையா இருந்தா எந்த மூலிகையும் உள்ள இறங்காது, யூரியா க்ரீம் 10ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் இருக்கறதை டாக்டர்கிட்ட கேட்டு முதல்ல ஒரு வாரம் போட்டு மிருதுவாக்கிட்டு அப்புறம் எண்ணெய்க்கு வாங்க, மூலிகைதான் போடுவேன்னு வீம்பு பிடிக்கறதுல பிரயோஜனம் இல்ல. எலுமிச்சை, சோடா உப்பு, பற்பசை எல்லாம் கலந்து தேய்க்கற வீடியோ வந்தா தள்ளிவிட்டுப் போயிடுங்க, காஞ்ச தோலை இன்னும் காய வைக்கற வேலை அது.

இதைத் தவிர ரெண்டு எச்சரிக்கை. வெடிப்புக்கும் கால் ஆணிக்கும் இங்க பிப்பா வச்சு சுடற பழக்கம் இருக்கு, நம்ம சேராங்கொட்டைதான் அது, வண்ணான் துணிக்கு குறி போட்ட கொட்டை. அந்தப் பால் பட்ட இடம் வெந்து புண்ணாகும், சுகர் இருக்கற கால்ல அதை வச்சா ஆறாத புண்ணுல போய் நிக்கும். கொடிவேலி வேரும் எருக்கம்பாலும் அதே ரகம். மெடிக்கல்ல விக்கற கார்ன் பிளாஸ்டர்லயும் தோலைக் கரைக்கற ஆசிட் இருக்கு, அதனால அதுவும் அம்மாவுக்கு வேண்டாம். வீட்டுக்குள்ளயும் மெத்துன்னு ஒரு எம்.சி.ஆர் செருப்பு போடச் சொல்லுங்க, வெடிப்புல பாதி வேலை அதுவே பாத்துக்கும்.

கடைசியா உங்க நகம். மஞ்சளா தடிச்சு, அடியில மாவு மாதிரி உதிருதுன்னா நகச்சொத்தையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனா அடிபட்ட நகம், சொரியாசிஸ் நகம் எல்லாம் பாக்க இதே மாதிரிதான் இருக்கும். நகத்துத் துணுக்கைச் சீவி, பூஞ்சை இருக்கான்னு பாக்கற கே.ஓ.ஹெச் டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சுடும், சயான் ஆஸ்பத்திரி ஸ்கின் ஓபிடில பண்ணுவாங்க, பிரைவேட்லயும் பெரிய செலவு ஆகாது. டெஸ்ட் பண்ணாம எதையும் ஆரம்பிக்காதீங்க.

மூலிகையில நகத்துக்கு ஓரளவுக்கு ஆதாரம் இருக்கறது டீ ட்ரீ ஆயிலுக்குத்தான், ஆஸ்திரேலியா மரத்து எண்ணெய். 1994ல வந்த ஒரு ஆய்வுல சுத்தமான டீ ட்ரீ ஆயிலை ஒரு குரூப்புக்கும் க்ளோட்ரிமசோல் 1 சதவீதத்தை இன்னொரு குரூப்புக்கும் 6 மாசம் தினம் ரெண்டு வேளை தடவச் சொன்னாங்க, ரெண்டுலயும் ஏறக்குறைய அறுபது சதவீதம் பேருக்கு நகம் பாக்க கொஞ்சமாவது தேறுச்சு, ஆனா பூஞ்சை நிஜமாவே ஒழிஞ்சது ரெண்டுலயுமே 20 சதவீதத்தைத் தாண்டல. இதைப் பாத்து மூலிகை ஜெயிச்சுடுச்சுன்னு எழுதறவங்க இருக்காங்க, நான் படிக்கற விதம் வேற, மேல பூசற க்ரீமும் தோத்துச்சு, எண்ணெயும் தோத்துச்சு. பூண்டு வச்சுக் கட்டறது அதைவிட மோசம், சுத்தி இருக்கற தோல் வெந்துபோகும். நகம் ஓரத்துல மட்டும் லேசா மஞ்சளா இருந்தா டீ ட்ரீ தடவிப் பாக்கலாம், அடிவரைக்கும் போயிருந்தா டெர்பினாஃபின் மாத்திரைதான், வழக்கமா 250 மில்லிகிராம் தினம் ஒண்ணு, கால் நகத்துக்கு 12 வாரம், அதுக்கு முன்னாடி லிவர் டெஸ்ட் எடுப்பாங்க. நீங்க ஏதாச்சும் லேகியமோ சூரணமோ உள்ளுக்கு சாப்பிட்டுக்கிட்டு இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, அதுவும் லிவர் வழியாத்தான் போகுது.

நகம் வெட்டறது நேரா, ஓரத்தை வளைச்சுத் தோண்டாம. நோய் நகத்துக்கு தனி நகவெட்டி. ஓரத்துல வீங்கி விண்ணு விண்ணுன்னு தெறிச்சா நகச்சுத்தி, எலுமிச்சையில விரலை சொருகறதை விட மிதமான சூட்டு உப்புத்தண்ணி தினம் மூணு வேளை நல்லா கேக்கும், சீழ் கட்டினா கீறி எடுக்கணும். ஒரே ஒரு நகத்துல மட்டும் கருப்புக் கோடு வந்து அகலமாகிட்டே போனா, அடிபட்ட ஞாபகமும் இல்லைன்னா, அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க, அபூர்வம்தான், ஆனா புற்றா இருக்கலாம். வெள்ளைப் புள்ளிக்கு கால்சியம் மாத்திரை வாங்க வேண்டாம், எங்கயோ லேசா இடிச்சதுதான்.

பொறுமை வேணும். கை நகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதுல பாதிதான், கட்டைவிரல் நகம் முழுசா புதுசா வர ஒரு வருஷத்துக்கு மேல, ஒன்றரை வருஷம் வரைக்கும்கூட ஆகும். மாத்திரை 12 வாரத்துல முடிஞ்சதும் நகம் அப்படியே இருக்கேன்னு கவலைப்படாதீங்க, மாசம் ஒரு போட்டோ எடுங்க, அடியில இருந்து வர்ற புது நகம் தெளிவா இருந்தா மருந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம், அதுவும் கலங்கலா வந்தா திரும்ப டாக்டர்கிட்ட போங்க. போகும்போது நகத்துல மருதாணிக் கறை இல்லாம போங்க, கலர் இருந்தா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.